வேப்பிலை செருகுவதற்கு முன்

சித்திரை வெயில் ராயபுரத்தைப் புழுக்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், தோல் வியாபாரி சுப்பராயன் வீட்டு மாடியில் டிரங்குப் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. பனிக்கட்டி மிதக்கும் கடலுக்குப் போகிற பெட்டிகள் அவை. முழங்கால் வரை இறங்கும் கம்பளிக் கோட்டுகள், அடியில் ஆணி அறைந்த கனத்த பூட்சுகள், மழைக்கும் பனிக்கும் மெழுகுத்துணி அங்கிகள் ஒரு பக்கம். கஞ்சி போட்டு விறைத்த சட்டைகள், கழுத்தை நெரிக்கும் காலர்கள், ஜரிகை மின்னும் காசிப் பட்டுகள் மறுபக்கம். லண்டனில் இவரிடம் தோல் வாங்கும் துரைமார், அங்கே வந்தால் நார்வே தேசத்து வடகடலைக் கப்பலில் சுற்றிக் காட்டுவதாக அழைத்திருந்தார்கள். பகலெல்லாம் கரையிறங்கிப் பனிமலையில் நடக்கவேண்டுமாம். பொழுது சாய்ந்தால் கப்பல் தலைவனோடு முறைப்படி உடுத்து விருந்துண்ண வேண்டுமாம். மறுநாள் காலையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம்.

கம்பளித் துணிகளை மடித்து அடுக்குவதற்காக ஆளனுப்பி வரவழைக்கப்பட்ட சொக்கம்மாள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மீனவர் சந்தில் குடியிருப்பவள். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஊசியால் கம்பளி பின்னக் கற்றவள். அந்தப் பெட்டிகளில் இருந்த குல்லாய்களும் கையுறைகளும் காலுறைகளும் அவள் கை பின்னியவை. அவற்றில் ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. அறையின் நடுவே, வேர்வை வழிய வழிய, வெள்ளைக் கம்பளிச் சால்வை ஒன்றைத் தலையோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சுப்பராயனின் ஒரே குழந்தை அமிர்தம். சால்வையின் ஒரு முனை அதன் வாய்க்குள் இருந்தது.

"வா சொக்கம்மா! இன்னா அங்கியே நின்னுட்டே?" என்றாள் குழந்தையின் தாய் வரலட்சுமி. "பார்த்தியா உன் சால்வை செய்யற கூத்தை? நேத்து நீ குட்த்துட்டுப் போனதுலேர்ந்து வுடமாட்டேங்குது. ராவெல்லாம் அதைக் கட்டிப் புடிச்சிகினு தூங்கிச்சு."

சொக்கம்மாள் ஓரடி உள்ளே எடுத்து வைத்தாள்.

தையற்காரர் சௌக்கத் அலி மூலையில் உட்கார்ந்து கறுப்புக் கோட்டு ஒன்றுக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கோட்டை உதறிக் காட்டினார். "அம்மா, ஐயா கோட்டுக்குப் பின்னால ரெண்டு வாலு வுட்டுகீறேன். குந்தறப்போ ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டுக் குந்தச் சொல்லுங்க. மேல குந்திட்டார்னா கோட்டோட என் பேரும் கசங்கிப் பூடும்."

"சோறு துன்னப் போறதுக்கு வாலு எதுக்கு பாய்?"

"அத்த என்னக் கேட்டா? வாலில்லாம தொரைங்களுக்கு சோறு எறங்காது போல கீது."

வரலட்சுமி சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே அவிந்தது. கடல் தாண்டுவதை நினைத்தாலே அவளுக்குப் பயம். ஒரு வாரமாகச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியும் முள்ளுமாக இட்டிலி தின்னப் பழகியிருந்தாள். சௌக்கத் அலி சலாம் வைத்துவிட்டுக் கோட்டை மடித்துக் கொடுத்துப் படியிறங்கினார். சொக்கம்மாள் அந்தக் காலடி ஓசை முற்றும் அடங்கும்வரை அசையவில்லை. அவள் கண் சால்வையை விட்டு நகரவில்லை.

அந்தச் சால்வையின் கதை இது.

சால்வையைப் பின்னி முடித்த நாளில் அவள் மகள் ராஜாத்திக்குக் காய்ச்சல் கண்டது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பிள்ளை குளிரில் உதறியது. கிழிந்த பாய், நைந்த புடவை, படகுப் பாய்த்துணித் துண்டு ஆகியவை தவிர அந்த வீட்டில் போர்த்த வேறு என்ன உண்டு? மெத்தென்றிருந்த ஒரே பொருள் ஊரார் பொருள். தாய் அதை எடுத்துப் போர்த்தினாள். இரண்டு இரவு பிள்ளை அதற்குள் சுருண்டு கிடந்தது. நெற்றியிலும் உதட்டோரத்திலும் சிவந்தவை வேர்க்குரு என்றுதான் முதலில் எண்ணினாள். விடிந்து பார்த்தபோது அவை நீர் கோத்து நின்றன.

துறைமுகத்தில் சரக்குப் படகு தள்ளும் அவள் கணவன் எத்திராஜ், மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தான்; கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஆத்தா வந்துவிட்டாள். வாசலில் வேப்பிலை செருகவேண்டும். செருகிவிட்டாலோ, முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டிலிருந்து நெருப்பு போகாது, உப்பு போகாது, ஒரு துரும்பும் போகாது. சுப்பராயன் வீட்டுக்குச் சேரவேண்டிய சால்வை மட்டும் எப்படிப் போகும்?

எத்திராஜ்தான் வழி சொன்னான். கையில் ஒடித்து வந்த கிளையோடு வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னான்:

"இன்னும் எல செருவல. சால்வைய இப்பவே எட்த்துகினு ஓடு. நீ திரும்பி வந்தப்புறம் செருவறேன். ஆத்தா கோச்சிக்கமாட்டா."

ஓடினாள். கொடுத்தாள். திரும்பினாள். இலை செருகப்பட்டது. தெரு முனையில் யார் வந்தாலும் பார்த்து எடுத்துவிடும்படி, கதவுக்கு உட்புறமாகச் செருகப்பட்டது. ஏனென்றால் ஆத்தாளுக்கு அஞ்சியது போலவே அவர்கள் சுகாதார வண்டிக்கும் அஞ்சினார்கள். நோய் கண்ட பிள்ளைகளை ஊருக்கு வடக்கே மணல்வெளிக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் கூண்டு வண்டி அது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவின் மகன் போன வருஷம் அதில் ஏறினான். வெறும் பாய்தான் திரும்பி வந்தது. அதையும் வாசலிலேயே கொளுத்தினார்கள்.

ஆகவே வழக்கம் மீறப்படவில்லை. அணுவளவும் மீறப்படவில்லை. இலை செருகிய வீட்டிலிருந்து எதுவும் வெளியேறக்கூடாது. இலை செருகாத வீட்டிலிருந்து எது வேண்டுமானாலும் வெளியேறலாம்! என்றோ எந்த அறிவாளியோ ஊரைக் காக்க இட்ட வேலி அது. நாளடைவில் வேலியின் பொருள் செத்தது. முள் மட்டும் எஞ்சியது. அந்த முள்ளைத் தாண்டாமல், வேலி போடுவதற்கு ஒரு கணம் முன்னே, பாம்பைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பழிக்குத் தப்பியதாகப் பெருமூச்சு விட்டார்கள் அந்தப் பேதைகள்.

சால்வை பெட்டியின் அடியில் கிடக்கும், கடலைத் தாண்டும், குளிரில் விறைக்கும், அதற்குள் அதில் ஒன்றும் இருக்காது என்று சொக்கம்மாள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அதன் முனை ஒரு குழந்தையின் வாயில் இருந்தது.

"எம்மா, அத்த குடுங்க." சொக்கம்மாள் கையை நீட்டினாள். "ஓரத்துல ஒரு கண்ணி நழுவிப் பூட்ச்சி. சரி பண்ணி எட்த்தாறேன்."

"இங்கியே குந்திப் போடேன்."

"ஊசி வூட்டுல கீது."

"இன்னும் ஒரு ராத்திரிதானே கீது. வுடு, கப்பல்ல யாரு கண்ணியப் பார்க்கப் போறாங்க?"

சொக்கம்மாள் குனிந்து சால்வையின் நுனியைப் பற்றினாள். அமிர்தம் வீறிட்டது. அவள் மெல்ல இழுத்தாள். குழந்தை இரண்டு கையாலும் இறுக்கியது. அவள் வெடுக்கென்று இழுத்தாள். குழந்தை சரிந்து பெட்டி விளிம்பில் மோதி அலறியது.

"இன்னாடி செய்யறே?" வரலட்சுமி பாய்ந்து வந்து பிள்ளையைத் தூக்கினாள். "பேய் புடிச்சவ மாதிரி! ஒரு வாரமா கொழந்த மேல ஒரு தூசு வுடாம காப்பாத்திகினு வறேன். அம்மை குத்தறவர் வந்தப்போகூட, பிஞ்சுக் கையில கீறினா ஆத்தா கோச்சிக்குவாள்னு, கிடங்குல தோல் மூட்டைக்குப் பின்னால ஒளிச்சி வெச்சேன். அப்படிக் காப்பாத்தின பிள்ளைய நீ தள்ளறியா?"

சொக்கம்மாளின் கையிலிருந்து சால்வை நழுவியது.

"குத்தலியா? ஐயா மேடைமேல அதெல்லாம் பேசுவாரே!"

"பேசுவாரு. வூட்டுக்குள்ள வந்தா அவருக்கும் ஆத்தா ஆத்தாதான்."

திருவொற்றியூரிலும் காலடிப்பேட்டையிலும் மேடை ஏறி, "கடல் தாண்டினால் சாதி கெடும் என்பவன் மடமையைக் கட்டிக்கொண்டு அழுகிறான்!" என்று கர்ச்சித்தவர் சுப்பராயன். மனைவியோடு கப்பலேறும் முதல் ராயபுரத்துக்காரர் என்று அவருக்கு மாலைகள் காத்திருந்தன. அந்தச் சிங்கத்தின் குட்டிதான் தோல் மூட்டைக்குப் பின்னே ஒளிக்கப்பட்டது. ஊருக்கு உரைக்கும் சொல் தன் வாசற்படியில் செருப்போடு கழன்றுவிடுமானால், அந்தச் சொல்லால் யாருக்கு என்ன லாபம்?

சொக்கம்மாள் தன் மகளை நினைத்தாள். வாயைத் திறந்தால் வண்டி வரும். வண்டி வந்தால் ராஜாத்தி போவாள். போனால் பாய் திரும்பும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நாளை இந்தப் பெட்டிகளும் இந்தக் குழந்தையும் கண்காணாத கடலில் இருக்கும். அமிர்தம் விம்மிக்கொண்டே தாயின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தது. சால்வைக்காக அவளிடமே கையை நீட்டியது.

அவள் தரையில் விழுந்து வரலட்சுமியின் கால்களைப் பிடித்தாள்.

"எம்மா, எம்மா... என் வூட்டுல ஆத்தா வந்துகீறா. என் பொண்ணுக்கு முகமெல்லாம் போட்டுகீது. குளுருல உதறுதேன்னு அந்தச் சால்வையத்தான் போத்தினேன். தோய்க்கக்கூட இல்ல. அப்படியே எட்த்தாந்து குட்த்துட்டேன்."

வரலட்சுமி கத்தவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்; நெற்றியைத் தொட்டாள்; வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இனிமேல்தான் தெரியும் என்ற அந்த 'ஒன்றும் இல்லை'யே அவளை அச்சுறுத்தியது.

"எந்திரி," என்றொரு குரல் கேட்டது. வாசலில் சுப்பராயன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ நின்றிருந்தார். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சால்வையைத் தொடாமல் கைத்தடியால் மூலைக்குத் தள்ளினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"என் வூட்டுக்காரருக்குத்தான் நைனா."

"அப்போ அதோட இருக்கட்டும்." மேடையில் இடிபோல் முழங்கும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "இதை அடுப்புல போட்டுடலாம். உன் பொண்ணைப் பத்தி நான் யார்கிட்டயும் வாய் தொறக்கமாட்டேன். வண்டி உன் தெருப் பக்கமே வராது. நீயும் இங்க வரல, ஒண்ணும் சொல்லல. துறைமுகத்து டாக்டர் காதுல இது விழுந்தா எங்களைக் கப்பல் ஏத்தமாட்டான். புரியுதா?"

சொக்கம்மாளுக்குப் புரிந்தது. நேற்றிலிருந்து அவள் எந்த வரத்தை ஆத்தாளிடம் கேட்டு அழுதாளோ, அந்த வரம் அப்படியே அவள் மடியில் விழுந்தது. தலையை அசைத்தால் போதும்.

"கொழந்தைக்கு வந்துட்டா?" என்று கேட்டாள் வரலட்சுமி.

"வந்தா பார்த்துக்கலாம். கப்பல்லயே டாக்டர் இருக்கான்."

"கப்பல்ல வேற கொழந்தைங்க இருக்குமே?"

சுப்பராயன் கழுத்தில் கட்டாத காலரைச் சரிசெய்பவர்போல் விரலை ஓட்டினார். "நாளைக்கு ஊரே மாலையோட நிக்கும்டி. இன்னிக்கு என் வூட்ல ஆத்தாவாம், பிரயாணம் இல்லையாம்னு நான் போய்ச் சொல்லவா? சாதி கெடும்னு சொன்னவன் கைகொட்டிச் சிரிக்கமாட்டான்? கடல் தாண்டறேன்னான், சாமி கேட்டுட்டுதுன்னு காலடிப்பேட்டையில மேடை போட்டுப் பேசமாட்டான்?"

அவர் அச்சமும் பொய்யல்ல. ஆனால் அந்த அறையில் இருந்த அச்சங்களில் மாலைக்காக நடுங்கியது அது ஒன்றுதான்.

கீழே தெருவில் கைவண்டி வந்து நின்ற கடகடப்புக் கேட்டது. பெட்டி தூக்க வந்த துறைமுகக் கூலிகள். "நைனா! சாமான் ரெடியா?" என்று ஒருவன் கூவினான்.

வரலட்சுமி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். பெட்டி ஒன்றின் முன்னே மண்டியிட்டாள். கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருப்பதற்காகக் காலையில்தான் வேப்பங்கொத்துகளை ஒடித்துக் கோட்டுகளின் இடையே வைத்திருந்தாள். ஆணி அறைந்த பூட்சுகளையும் காசிப் பட்டையும் வாரி வெளியே எறிந்தாள். வாடத் தொடங்கியிருந்த கொத்து ஒன்று கைக்கு வந்தது. எழுந்தாள்.

"எங்க போறே?" என்றார் சுப்பராயன்.

அவள் படியிறங்கினாள். சொக்கம்மாள் பின்னே ஓடினாள். சுப்பராயன் கதவருகே வரும்போது, கூலிகள் தெருவாசலில் தோள்துண்டைச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். வரலட்சுமி அவர்கள் கண்முன்னே நிலைப்படிக்கு மேலே எட்டினாள். கை எட்டவில்லை. திரும்பிப் பார்த்தாள். சொக்கம்மாள் அந்தக் கொத்தை வாங்கிக் கால்விரலில் நின்று, நிலைக்கும் சுவருக்கும் இடையே இருந்த பிளவில் செருகினாள். உட்புறமாக அல்ல, தெருவெல்லாம் பார்க்க.

கூலிகளின் பேச்சு அறுந்தது. முன்னால் நின்றவன் தலையில் வைத்த சும்மாட்டைக் கழற்றினான். "ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தான்.

"ஒண்ணுமில்லேடா! பொம்பளைங்க புத்தி! வந்து தூக்குங்க!" என்று சுப்பராயன் கத்தினார். தாவிக் கொத்தைப் பறிக்கக் கையை நீட்டினார். அந்தக் கை இலைக்குச் சற்றுக் கீழே அந்தரத்தில் நின்றது. பறிக்க முடியவில்லை. மேடையில் ஆயிரம் முறை பிடுங்கி எறிந்த அச்சம் வீட்டு நிலையில் வேர்விட்டிருந்தது. கை தானாகக் கீழே இறங்கியது.

"தப்பா நெனைக்காதீங்க நைனா," என்றான் கூலி. "எல செருவின வூட்டுலேர்ந்து ஒரு துரும்பு எடுக்கமாட்டோம். நீங்க கப்பலையே குட்த்தாலும் மாட்டோம்." வெறும் வண்டி கடகடத்துத் திரும்பியது.

"இப்ப அம்மை குத்தறவரைக் கூப்பிடுங்க," என்றாள் வரலட்சுமி. "உடனே குத்தினா தடுக்கலாம்னு நீங்கதானே மேடையில சொன்னீங்க? சொன்னது நெசமா, இல்ல சும்மா கைதட்டலுக்கா?"

அவர் செருப்பு மாட்டாமலே தெருவில் இறங்கி நடந்தார்.

அம்மை குத்தும் இக்னேஷியஸ் ஒரு தோல்பையோடு அவருடன் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வரலட்சுமி குழந்தையின் கையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். அமிர்தம் கதறியது. பிறகு அவள் தன் கையையும் நீட்டினாள். கடைசியாக, அழைக்காமலே, சுப்பராயன் சட்டைக் கையைச் சுருட்டினார். கொல்லையில் சால்வை எரிந்தது. கம்பளி எரியும் நாற்றம் மயிர் கருகுவதுபோல் வீடெங்கும் பரவியது.

"பலிக்குமா?" என்று கேட்டாள் வரலட்சுமி.

"பலிக்கலாம். பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சித்தான் தெரியும். அதுவரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாது." இக்னேஷியஸ் ஊசியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டே கேட்டார்: "சால்வை எந்த வூட்டுலேர்ந்து வந்துச்சு?"

சுப்பராயன் சொக்கம்மாளைப் பார்க்கவில்லை. வரலட்சுமி தரையைப் பார்த்தாள். இருவரும் வாய் திறக்கவில்லை. தங்களால் கொடுக்க முடிந்ததெல்லாம் அந்த மௌனம்தான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த மௌனத்துக்குள் சொக்கம்மாள் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் அவள் சந்தில் கோவிந்தம்மாவுக்கு இன்னொரு பிள்ளை இருந்தது. காலையில் அது ராஜாத்தியைத் தேடி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தது.

"எங்க வூட்டுலேர்ந்துதான்," என்றாள். "வண்டிய அனுப்புங்க. ஆனா தனியா ஏத்தாதீங்க. நானும் வறேன்."

"குத்திகினு கீறியா?"

அவள் ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் அழ அழப் பிடித்துக் குத்திய வட்டத் தழும்புகள் தோளில் தெரிந்தன. இக்னேஷியஸ் விரலால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

கூண்டு வண்டி சந்துக்குள் நுழைந்தபோது தெருக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. எத்திராஜ் வாசலை அடைத்துக்கொண்டு துடுப்போடு நின்றான். "யார்டி சொன்னது? யாரு சொன்னது? நாக்க அறுத்துப்புடுவேன்!"

"நான்தான் சொன்னேன்," என்று சொக்கம்மாள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் செருகியிருந்த இலையை எடுத்து வெளியே, எல்லோரும் பார்க்கும்படி செருகினாள். துடுப்பு அவன் கையிலேயே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பிள்ளையைத் தன் முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவள் வண்டியில் ஏறினாள். உள்ளே பினாயில் நெடி அடித்தது. கதவு சாத்தப்பட்டது. கம்பிச் சந்தில் தெரிந்த எத்திராஜின் முகம் சிறுத்துக்கொண்டே போயிற்று. சக்கரம் மணலில் இறங்கி ஓசை மாறியதும் ராஜாத்தி ஒட்டிப்போன இமைகளைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"எம்மா, எங்க போறோம்?"

சொக்கம்மாளுக்கு அந்த இடத்தின் பெயரைச் சொல்லத் துணிவு வரவில்லை.

"நானும்தான் கூட வறேன் கண்ணு," என்றாள். பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.